பக்கத் தாங்கியும் பாம்போட்டமும்

புகையிரதத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். நீராவி, டீசல், மின்சாரம் என இழுக்கும் சக்தியின் கதை விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. இழுபடும் பெட்டியின் கதையோ, பெட்டிக்கும் சக்கரத்துக்கும் இடையே கண்ணிற் படாது கிடக்கும் உறுப்புகளின் கதையோ அவ்வாறு சொல்லப்பட்டதில்லை. அந்த உறுப்புகள் செவ்வனே தொழிற்படும்வரை அவற்றைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. பிழைத்த அன்று மட்டும் பத்திரிகைகள் அவற்றைத் தேடுகின்றன. யப்பானிய புகையிரதத்தின் வரலாற்றில் 1963ஆம் ஆண்டு இவ்விரு நிலைகளையும் ஒருங்கே காட்டிய ஆண்டு. அதைப் புரிந்துகொள்வதற்குச் சக்கரத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

புகையிரதச் சக்கரங்கள் மாட்டு வண்டியின் சக்கரங்களைப் போல ஒவ்வொன்றும் தன்போக்கிற் சுழல்வன அல்ல. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தப்பட்டவை. இரண்டும் சேர்ந்தே சுழலும். சக்கரத்தின் ஓடும் பரப்பும் தட்டையானதன்று. கூம்பின் ஒரு துண்டுபோல, உட்புறம் சற்றுப் பெரிதாகவும் வெளிப்புறம் சற்றுச் சிறிதாகவும் கடையப்பட்டிருக்கும். அச்சு வலப்புறம் சிறிது ஒதுங்கினால் வலச் சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் இடச் சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருள்கின்றன. வலச் சக்கரம் கூடிய தூரம் ஓட, அச்சு தானாகவே இடப்புறம் திரும்பிப் பாதையின் நடுவை நாடுகின்றது. இந்த நன்மையை ஜோர்ஜ் ஸ்டீவின்சன் 1821ஆம் ஆண்டளவிலேயே விளக்கியுள்ளார். ஆனால் நடுவை நாடிய அச்சு நடுவில் நிற்பதில்லை. அதைக் கடந்து மறுபுறம் செல்கின்றது; அங்கிருந்து மீள்கின்றது. இவ்வாறு அது செல்லும் வழி ஓர் அலைக்கோடாகின்றது. அக்கோட்டின் நீளத்தை ஜேர்மன் பொறியியலாளர் கிளிங்கெல் 1883இற் கணித்துக் காட்டினார்.

இந்த அசைவை ஆங்கிலேயர் ‘வேட்டை’ என்று குறித்தனர். சக்கரம் எதையோ தேடி அங்குமிங்கும் அலைகின்றதாம். யப்பானியரோ பாம்பு நெளிந்து செல்லுதல் என்ற பொருளில் வழங்கினர். கண்ணால் காணும் உண்மைக்கு யப்பானியச் சொல்லே அண்மையானது. நாமும் இதனைப் பாம்போட்டம் என்றே சொல்வோம்.

மெதுவாகச் செல்லும்போது பாம்போட்டம் தானே அடங்கிவிடும். ஒரு குறித்த வேகத்தைக் கடந்தபின் அது அடங்குவதில்லை. ஒவ்வொரு நெளிவும் முன்னையதிலும் பெரிதாகும். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை மாறிமாறி அறையும். பெட்டி அதிரும், பாதை வளையும், ஈற்றில் விளிம்பு தண்டவாளத்தின்மீது ஏறும். 1955ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்குத் தெற்கே, இரு மின்சார இயந்திரங்கள் அடுத்தடுத்த நாட்களில் மணிக்கு 331 கிலோமீற்றர் வரை ஓடி உலக சாதனையை நிறுவின. சாதனை உலகெங்கும் முழங்கியது. வண்டி சென்றபின் தண்டவாளம் அலையலையாக நெளிந்து கிடந்ததைக் காட்டும் படமோ நெடுங்காலத்தின் பின்பே பரவலாக வெளிவந்தது.

நீண்ட பெட்டிகளின் அடியில் அச்சுகள் நேராகப் பொருத்தப்படுவதில்லை. இரண்டு அச்சுகளைக் கொண்ட ஒரு சிறு வண்டி முன்புறத்திலும் மற்றொன்று பின்புறத்திலும் அமைய, அவற்றின்மீது பெட்டி ஏற்றப்படுகின்றது. இச்சிறு வண்டியே போகி. (பெட்டி முழுவதையும் போகி என்று அழைப்போரும் நம்மிடையே உண்டு, தொழிலாளர் அவ்வாறு அழைப்பதில்லை.) வளைவிற் செல்லும்போது போகி பெட்டியின்கீழ்த் தனியே திரும்பவேண்டும். ஆதலால் பழைய முறையிற் பெட்டியின் பாரம் முழுவதும் போகியின் நடுவிலுள்ள வட்டத் தட்டின்மீது தங்கியது. இருபுறத்தும் பக்கத் தாங்கிகள் உண்டு. எனினும் அவற்றுக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி விடப்பட்டது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தாலன்றி அவை பெட்டியைத் தொடா. அதாவது பக்கத் தாங்கி ஓர் ஆபத்துக்கால உறுப்பாகவே கருதப்பட்டது. ஓட்டத்தின் உறுதியிலே அதற்கு ஒரு பங்குண்டு என்ற எண்ணம் பலரிடம் இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை? பெட்டி ஆடுவதற்குப் பாதையின் குறைபாடே காரணம் என்பது அன்றைய புகையிரதத் துறையினரின் உறுதியான நம்பிக்கை. மேடுபள்ளமான பாதையிற் சென்றால் எந்த வண்டியும் ஆடத்தானே செய்யும்! இங்கிலாந்தில் எப். டபிள்யு. காட்டர் என்பவர் 1916ஆம் ஆண்டிலேயே இயந்திர வண்டிகளின் இந்த உறுதியின்மைக்குக் கணித அடிப்படை அமைத்துவிட்டார். ஆயினும் பட்டறையில் வேலை செய்தோர் அக்கணிதத்தைப் படிக்கவில்லை. கணிதம் படித்தோர் பட்டறைக்குள் நுழையவில்லை. அறிவும் தொழிலும் இரு வேறு வகுப்பினரின் உடைமைகளாக இருக்கும் சமுதாயத்தில் இஃது எதிர்பார்க்கக்கூடியதே.

இந்தச் சுவரை உடைத்தவர் புகையிரதத்துறைக்கு வெளியிலிருந்து வந்தார். மட்சுதைரா தடாஷி யப்பானிய கடற்படையின் விமானத் தொழில்நுட்ப நிலையத்தில் அதிர்வுகளை ஆராய்ந்தவர். 1941ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆந் திகதி, சீரோ என்ற போர்விமானத்தைக் கீழ்நோக்கிச் செலுத்திச் சோதித்த லெப்டினன்ற் ஷிமோகாவா, விமானம் உடைந்து இறந்தார். அவ்விமானம் எவ்வளவு வேகம் தாங்கும் என்பதை முன்னர் மதிப்பிட்டவர் மட்சுதைராவே. அம்மதிப்பீட்டுக்குப் பயன்பட்ட மாதிரி உண்மைச் சிறகின் விறைப்பைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லை என்பதை அவர் கண்டார். புதிய மாதிரியைக் கொண்டு மறுபடி சோதித்து, சிறகின் வளைவும் முறுக்கமும் ஒன்றையொன்று தூண்டியதே உடைவின் காரணம் என நிறுவினார்.

சிறகின் இத்தகைய துடிப்பை விளங்கிக்கொள்ள நாம் கடற்படை நிலையத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் தைமாதக் காற்றுக்குப் பட்டம் ஏற்றும் சிறுவர்கள் அதன் தலையில் விண் பூட்டுகின்றனர். காற்று ஒரே சீராக வீசுகின்றது. ஆயினும் விண்ணின் நார் துடித்துத் துடித்து இரவெல்லாம் கூவுகின்றது. காற்று விட்டுவிட்டு உதைப்பதாற் பிறந்த துடிப்பன்று அது. சீரான காற்றிலிருந்து நார் தானே சக்தியை உறிஞ்சித் தன் துடிப்பை வளர்த்துக்கொள்கின்றது. விமானச் சிறகும் அவ்வாறே. மட்சுதைரா செய்த பேருதவி, புகையிரதச் சக்கரமும் அவ்வாறே என்று கண்டதுதான்.

போர் முடிந்தபின் அவர் யப்பானிய புகையிரதத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அவரைப்போல் இராணுவத் துறைகளிலிருந்து பலர் அங்கு வந்தனர். தற்கொலைத் தாக்குதலுக்கான ஓகா என்ற குண்டுவிமானத்தை வடிவமைத்த மிக்கி தடனாவோ அவர்களுள் ஒருவர். போருக்குப் பயன்படாத தொழிலையே தாம் நாடியதாக அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். இந்த வரலாறு இன்று யப்பானில் ஒரு பாவவிமோசனக் கதையாகச் சொல்லப்பட்டு வருகின்றது. கதை அழகானது, ஆனால் முழுமையானதன்று. தோல்வியுற்ற யப்பானில் விமான ஆராய்ச்சியை ஆக்கிரமிப்பு நிர்வாகம் 1945இல் தடைசெய்துவிட்டது. மனம் மாறி வந்தோர் சிலராயின், போக்கிடமின்றி வந்தோரும் இருந்தனர். எனினும் ஒன்றை நாம் மறுத்தலாகாது: வேலையற்ற நிபுணரை நாட்டின் பொதுப் போக்குவரத்து ஏற்றுக்கொண்டது, கொலைக் கருவிக்காகப் பெற்ற கணிதம் பிரயாணியின் உயிருக்காகப் பயன்படத் தொடங்கியது.

1946இன் இறுதியில் பொறியியலாளர் ஷிமா ஹிதெயோ, வேகப் போகிகளின் அதிர்வை ஆராய்வதற்கென ஒரு குழுவைக் கூட்டினார். மட்சுதைராவும் அதிற் பங்குபற்றினார். மறு ஆண்டு சன்யோ பாதையில் ஒரு பிரயாணி வண்டி தடம்புரண்டது. பாதை வளைந்து கிடந்தது. வளைந்த பாதையே வண்டியைக் கவிழ்த்தது என்றனர் பழையவர்கள். வண்டியின் பாம்போட்டமே பாதையை வளைத்தது என்றார் மட்சுதைரா. காரணமும் காரியமும் இடம்மாறி நின்ற இவ்வழக்கைத் தீர்க்க அவர் கையாண்ட முறை எளிமையானது. சுழலும் உருளைகளின்மீது சிறிய மாதிரிச் சக்கரங்களை ஓடவிட்டார். உருளையில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. அதனினும் சீரான பாதை உலகில் எங்குமில்லை. அத்தகைய பாதையிலும் குறித்த வேகத்தைத் தாண்டியதும் மாதிரி நெளியத் தொடங்கியது. சர்வதேசப் புகையிரத ஒன்றியத்தின் ஆராய்ச்சி அலுவலகம் 1955இல் இப்பிரச்சினை பற்றி நடத்திய போட்டியிற் பரிசு பெற்ற மூன்று கட்டுரைகளுள் அவருடையதும் ஒன்று.

காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். சக்கரக் கூம்பின் சரிவைக் குறைக்கலாம். அச்சைப் போகியின் சட்டத்தோடு தக்க விறைப்புள்ள வில்களாற் பிணைக்கலாம். போகி பெட்டியின்கீழ்த் தாறுமாறாகத் திரும்பாதபடி தடுக்கலாம். மூன்றாவது வழியிலேதான் பக்கத் தாங்கி தன் பழைய சிறுமையிலிருந்து எழுந்தது. நடுத் தட்டின்மீதிருந்த பாரம் முழுவதையும் இருபுறப் பக்கத் தாங்கிகளின்மீது ஏற்றினர். நடுமுளை திரும்புவதற்குரிய மையமாக மட்டும் எஞ்சியது. இப்பொழுது போகி திரும்ப முயலும்போதெல்லாம், நடுவிலிருந்து தூரத்தே, பெட்டியின் முழுப் பாரத்தோடும் எழும் உராய்வு அதனை எதிர்க்கின்றது. பாம்பு தலையை ஆட்டுமுன்பே அதன் கழுத்தைப் பிடிப்பது போன்றது இது.

ஆயினும் பிடி அளவோடு இருத்தல் வேண்டும். தடை குறைந்தால் நேர்ப்பாதையில் நெளிவு. தடை மிகுந்தால் வளைவிற் போகி திரும்ப மறுத்து, விளிம்பு தண்டவாளத்தை அராவும், ஏறவும் பார்க்கும். உராயும் தட்டுத் தேய்ந்தாலும், எண்ணெய் பட்டாலும், தூசி படிந்தாலும் கணக்கு மாறும். வடிவமைப்பாளனின் தாளில் உள்ள எண்ணைப் பட்டறைத் தொழிலாளியின் கையே நாள்தோறும் காப்பாற்றுகின்றது. போகியைப் பற்றி எழுதியோர் எத்தனையோ பேர். அதனைக் கழற்றி, அளந்து, மாற்றிப் பூட்டியோரின் பெயர்களை எந்த நூலிலும் நாம் காணோம்.

1957ஆம் ஆண்டு மே மாதம் 30ஆந் திகதி, டோக்கியோவின் கின்சா பகுதியிலுள்ள யமஹா மண்டபத்தில் ஆராய்ச்சி நிலையத்தினர் ஒரு பகிரங்கச் சொற்பொழிவை நடத்தினர். டோக்கியோவுக்கும் ஓசாக்காவுக்கும் இடையே மூன்று மணி நேரத்திற் செல்லமுடியும் என்பதே பொருள். அதிற் பேசியோருள் மட்சுதைராவும் மிக்கியும் இருந்தனர். சின்கான்சென் என்ற புதிய பாதையின் கரு மக்களிடம் சென்ற நாள் அது எனலாம். ஆராய்ச்சி மண்டபத்துக்குள் அடைபட்டிருந்தால் அதிகாரிகள் அதனை அமைதியாகப் புதைத்திருப்பர்.

புதிய பாதையில் வளைவின் ஆரை 2,500 மீற்றருக்குக் குறையாதபடி வகுக்கப்பட்டது. சக்கரத்தின் கூம்புச் சரிவு இருபதில் ஒன்றிலிருந்து நாற்பதில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. போகிகளுக்குக் காற்றுவில்லும், முழுப் பாரத்தையும் ஏற்கும் பக்கத் தாங்கியும் அமைந்தன. பல வகைப் போகிகளைச் சோதனைப் பாதையில் ஓட்டி, ஒப்பிட்டு, திருத்தினர். 1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30ஆந் திகதி சோதனை வண்டி மணிக்கு 256 கிலோமீற்றரை எட்டியது. செலவும் எட்டியது: 197 பில்லியன் யென் என்று தொடங்கிய மதிப்பீடு 380 பில்லியனாயிற்று. அதன் விளைவாகப் புகையிரதத் தலைவர் சோகோ ஷின்ஜியும் பிரதம பொறியியலாளர் ஷிமாவும் அவ்வாண்டே விலகினர். 1964 ஒக்ரோபர் முதலாந் திகதி நடந்த திறப்பு விழாவுக்கு இருவரும் அழைக்கப்படவில்லை. அன்று தொடங்கி இதுவரை சின்கான்சென் பாதையில் வண்டி தடம்புரண்டோ மோதியோ ஒரு பிரயாணியேனும் இறந்ததில்லை. மட்சுதைராவின் கணிதத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தோடு முடித்துக்கொள்வது வெற்றி வரலாறு எழுதுவோரின் வழக்கம். நாம் அதே 1963இன் நவம்பர் மாதத்துக்குச் செல்வோம்.

நவம்பர் 9, சனிக்கிழமை. இரவு பத்து மணிக்குச் சற்று முன்னர், யோகொஹாமா நகரின் சுருமி நிலையத்துக்கு அப்பால், பழைய தோக்காய்தோ பாதையில் ஒரு நீண்ட சரக்கு வண்டி சென்றுகொண்டிருந்தது. அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர். பின்பகுதியிலிருந்த ஒரு பெட்டி தடம்புரண்டது. அதைத் தொடர்ந்து மேலும் இரண்டு. அவை பக்கத்துப் பிரயாணிகள் பாதையின் குறுக்கே கிடந்தன. டோக்கியோவை நோக்கி வந்த வண்டி அவற்றின்மீது மோதி, பக்கவாட்டில் வீசப்பட்டு, எதிர்த்திசையிற் சென்ற மற்றொரு பிரயாணி வண்டியின் நடுப் பெட்டிகளைப் பிளந்தது. 161 பேர் இறந்தனர்.

தடம்புரண்டது போகியுடைய பெட்டியன்று. இரண்டே அச்சுகள் கொண்ட சிறிய சரக்குப் பெட்டி அது. அதற்கு நடுமுளையுமில்லை, பக்கத் தாங்கியுமில்லை; சக்கரங்களுக்கும் சட்டத்துக்கும் இடையே தகட்டு வில்களும் அவற்றைத் தூக்கும் இணைப்புகளும் மட்டுமே. யப்பானிய புகையிரதத்தில் அன்று ஓடிய சரக்குப் பெட்டிகள் இலட்சத்துக்கு மேற்பட்டவை, பெரும்பாலானவை இவ்வினத்தன. நாட்டின் நிலக்கரியையும் அரிசியையும் சுமந்தவை அவை. மணிக்கு 256 கிலோமீற்றரில் நெளியாத வண்டியைப் படைத்த அதே தேசத்தில், எட்டு மாதம் கழியுமுன், அதன் நான்கிலொரு பங்கு வேகத்தில் ஒரு சரக்குப் பெட்டி தண்டவாளத்தில் ஏறிற்று. புதிய பாதையிற் சரக்குப் பெட்டியுமில்லை, கூரிய வளைவுமில்லை. அந்த நிம்மதியைப் புதிய பாதை பெற்றது பணத்தால். பழைய பாதையோ பிரயாணிகளின் வண்டிகளையும் பொதி வண்டிகளையும் அருகருகே சுமந்து, இடைவெளியின்றி ஓடியது.

ஆராய்ந்தோர் எந்த ஓர் உறுப்பிலும் தனிப் பிழையைக் காணவில்லை. பாதையின் நிலை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள், சக்கரம் அளவுக்குள், வில் அளவுக்குள், பாரமும் வேகமும் அளவுக்குள். ஆனால் எல்லாம் ஒரே கணத்திற் கெட்ட பக்கமாகச் சேர்ந்தன. இதற்கு யப்பானியர் ‘போட்டித் தடம்புரளல்’ என்று பொருள்படும் பெயரிட்டனர். விஞ்ஞான நோக்கில் இது நேர்மையான முடிவு என்பதை நாம் ஏற்கின்றோம். அதற்காக அந்த முடிவோடு அமைதியடைய நம்மால் முடியவில்லை. யாவும் அனுமதித்த அளவுக்குள் இருந்து 161 உயிர்கள் போயின எனில், அளவை அனுமதித்தது யார் என்ற கேள்வி எஞ்சுகின்றது. தொழிலாளியைச் சுட்டும்போது பெயர் சொல்லும் அறிக்கைகள், அளவுகளைச் சுட்டும்போது பெயரற்றுப் போவது உலகெங்கும் உள்ள வழக்கம்.

அதே சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில், கியூஷு தீவின் ஓமுதா நகரில், மிட்சுயி நிறுவனத்தின் மீக்கே நிலக்கரிச் சுரங்கம் வெடித்திருந்தது. 458 தொழிலாளர் இறந்தனர். எண்ணூறுக்கு மேற்பட்டோர் நச்சுவாயுவினாற் பாதிக்கப்பட்டனர். சுரங்கச் சரிவிற் சென்ற நிலக்கரி வண்டிகளின் இணைப்பு அறுந்து, வண்டிகள் பின்னோக்கி ஓடித் தடம்புரண்டு, எழுந்த கரித்தூளில் தீப்பொறி பற்றியதே வெடிப்பின் காரணம். ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்டோரின் வேலைநீக்கத்தை எதிர்த்து அச்சுரங்கத் தொழிலாளர் 1960இல் மாதக்கணக்காக நடத்திய போராட்டம் தோல்வியில் முடிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. நிறுவனத்தின் கவனயீனத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள 1993 வரை செல்லவேண்டியிருந்தது. ஒரே நாளில் நிகழ்ந்த இவ்விரு அனர்த்தங்களும் மலிவான, சிறிய, எவரும் படம்பிடிக்காத வண்டிகளிலிருந்தே பிறந்தன என்பதை யப்பானிய வரலாற்று நூல்கள் அதிகம் வற்புறுத்துவதில்லை.

சுருமிக்குப் பின் செய்யப்பட்ட வேலை சிறிதன்று. ஹொக்கைடோவின் கரிக்காச்சி மலைப்பகுதியில் கைவிடப்பட்ட பழைய பாதையொன்றை ஆராய்ச்சி நிலையத்தினர் எடுத்துக்கொண்டனர். அங்கு 1960களின் பிற்பகுதி தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகளாகச் சரக்குப் பெட்டிகளை வேண்டுமென்றே தடம்புரளச் செய்து அளந்தனர். சக்கரப் பரப்பின் வடிவம் மாற்றப்பட்டது. வளைவுகளிற் தண்டவாளத்துக்கு எண்ணெய் பூசும் கருவிகள் பொருத்தப்பட்டன. சக்கரம் ஏறாதபடி உட்புறத்திற் காப்புத் தண்டவாளங்கள் இடப்பட்டன. சரக்குப் பெட்டிகளின் வில் இணைப்புகள் பெருந்தொகையாகத் திருத்தப்பட்டன. பாம்போட்ட ஆராய்ச்சி கடைசியில் அரிசி மூட்டையின் கீழும் வந்து சேர்ந்தது. சின்கான்சென்னிலோ பக்கத் தாங்கியின் உராய்வுத் தட்டு 1992இல் வந்த 300ஆம் தொடர் வண்டிகளோடு விடைபெற்றது. அவ்வேலையைப் போகிக்கும் பெட்டிக்கும் இடையே பூட்டிய எண்ணெய்த் தணிப்பான்கள் ஏற்றன.

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆந் திகதி காலை, டோக்கியோ நகரின் நிலக்கீழ்ப் பாதையொன்றில், நாகாமெகுரோ நிலையத்தருகே ஒரு பிரயாணி வண்டியின் கடைசிப் பெட்டி மெதுவாகச் சென்றுகொண்டிருக்கையில் வளைவில் ஏறித் தடம்புரண்டு, எதிர்வந்த வண்டியில் உரசியது. ஐவர் இறந்தனர். இடவலச் சக்கரங்களின்மீது பாரம் சமமாக விழாதிருந்தமை காரணங்களுள் ஒன்று எனக் கண்டனர். சுருமிக்குப் பின் எல்லோரும் அறிந்திருந்த காப்புத் தண்டவாளம் அவ்விடத்தில் இருக்கவில்லை. ஆரை 140 மீற்றருக்கு மேற்படாத வளைவுகளுக்கே அதனை இடவேண்டும் என்பது அந்தப் பாதை நிர்வாகத்தின் விதி. அந்த வளைவின் ஆரை 160 மீற்றர்.